இறங்கிவிடும் கைகள்

டிரெய்லர் கவிழ்ந்தபோது அழகேசன் கத்தக்கூட இல்லை. டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்த இருளப்பன் பின்னால் ஏதோ வெட்டி இழுத்ததை உணர்ந்து திரும்பினான். டிரெய்லர் கொக்கி கழன்று வடிகாலுக்குள் சாய்ந்து கிடந்தது. அதன் இரும்புச் சட்டத்துக்கு அடியில் அவன் தங்கை புருஷன் அழகேசன், ஒரு கால் மாட்டிக்கொண்டு, மல்லாந்து கிடந்தான். மழைத் தண்ணீர் அவன் தோளைத் தொட்டு ஓடியது.

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டிலிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று, பண்டார் பாரு பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தில் தள்ளியிருந்த லயத்து வீடுகளை எல்லாம் பிரித்துக் கம்பிவேலிக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அன்று அழகேசன் குடியிருந்த வீட்டின் முறை. பலகையும் தகரமும் ஏற்றிக்கொண்டு இருளப்பனும் புருஷன் பெண்டாட்டி இருவரும் கிளம்பினார்கள். காவலுக்குத் துப்பாக்கியோடு ஜக்கரியா என்ற மலாய்க்காரப் போலீஸ் கூட வந்தான்.

"அண்ணே, தூக்குண்ணே!" அழகேசனின் மனைவி புஷ்பவள்ளி வடிகாலில் குதித்துப் புருஷன் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள்.

டிரெய்லரைத் தூக்க ஜாக் இல்லை. போன மாதம் காட்டுக்காரர்கள் எரித்த லாரியோடு அதுவும் போயிருந்தது. இருந்தது டிராக்டரின் பின்னால் எண்ணெய் அழுத்தத்தில் எழும்பும் தூக்குக் கைகள்தான். இருளப்பனும் ஜக்கரியாவும் சரிந்து கிடந்த பலகைகளை இழுத்துப் போட்டார்கள். இருளப்பன் டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து, தூக்குக் கைகளில் சங்கிலி கட்டி டிரெய்லர் சட்டத்தில் மாட்டினான். லீவரை இழுத்தான். சங்கிலி விறைத்தது. அவ்வளவுதான். கைகள் எழும்பவில்லை.

"என்னண்ணே?"

"இரு, பாக்குறேன்."

எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தான். எண்ணெய் நிறைய இருந்தது. தண்ணீர் கலந்து வெளுத்திருக்கவும் இல்லை. ஆனால் குச்சியில் அது மண்ணெண்ணெய் மாதிரி ஓடி வழிந்தது. தொட்டால் சுட்டது. சங்கிலியைத் தளர்த்தி வெறுங்கைகளை உயர்த்திப் பார்த்தான். உயர்ந்தன. இன்ஜினை நிறுத்தினான். கைகள் தாமாகவே மெல்ல இறங்கின.

பம்பு தேய்ந்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். பம்பு நின்ற பிறகும் கைகள் இறங்குகின்றன என்றால், தள்ளிவிட்ட எண்ணெய் உள்ளே எங்கேயோ கசிந்து திரும்புகிறது. காலையில் வேலிக் கம்பங்களை ஒழுங்காகத் தூக்கியது இதே வண்டிதான். மத்தியானத்துக்கு மேல்தான் மக்கர். சூடு ஏறினால் எண்ணெய் தண்ணியாகிறது. தண்ணியானால் கசிவு கூடுகிறது.

"மச்சான்... தண்ணி ஏறுது," என்றான் அழகேசன். வாயில் நீர் புகாமலிருக்க முகவாயைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"புஷ்பா, வாளியை எடு! மொண்டு மொண்டு இந்தப் பெட்டி மேல ஊத்து!"

அவள் ஏனென்று கேட்கவில்லை. புருஷன் முகத்தருகே மொண்ட தண்ணீரை எண்ணெய்ப் பெட்டியின் மேல் வீசினாள். ஆவி பறந்தது. மறுபடி மொண்டாள். வடிகால் அவள் மொள்வதைவிட வேகமாக நிரம்பியது.

"கேட் அடைக்கப் போறாங்க," என்றான் ஜக்கரியா. "அப்புறம் வெளியில ஆள் கண்டா சுடுவாங்க."

புஷ்பவள்ளி அடுத்த வாளியை மொண்டாள்.

பெட்டியைத் தொட்டால் கை பொறுக்கிற சூடானதும் இருளப்பன் இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கி லீவரை இழுத்தான். டிரெய்லர் முனகியது. ஆனால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையைவிட்டுக் கிளம்பின. ஜக்கரியா ஒரு கணம் காட்டைப் பார்த்தான். துப்பாக்கியை ரப்பர் மரத்தில் சாய்த்துவிட்டு ஓடிவந்து டிராக்டரின் மூக்கில் ஏறிப் படுத்துக்கொண்டான். சக்கரங்கள் மண்ணில் பதிந்தன.

சட்டம் இரண்டு விரல் அளவு எழும்பியது. உடனே இறங்கத் தொடங்கியது.

"தூக்குது, நிக்க மாட்டேங்குது! கட்டையைச் சொருகு புஷ்பா! கையை உள்ள விடாத!"

அவள் ஒரு பலகைத் துண்டைத் தள்ளினாள். சட்டம் அதன்மேல் உட்கார்ந்தது. மறுபடி இழுத்தான், மறுபடி அவள் சொருகினாள். மூன்றாவது தடவை கட்டை வழுக்கியது; சட்டம் திரும்ப இறங்கியபோதுதான் அழகேசன் முதன்முதலாக அலறினான். இருளப்பனுக்கு லீவரைப் பிடித்திருந்த கை மரத்துவிட்டது. தங்கை அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இழுண்ணே," என்றாள். இழுத்தான்.

கடைசியில் புருஷனின் அக்குளில் கைகொடுத்து அவள் அவனை உருவியெடுத்தாள்.

அவர்கள் வீட்டுக் கதவையே எடுத்து அவனைக் கிடத்தி, இரண்டு ஆண்களும் தூக்கினார்கள். கேட் அடைத்திருந்தது. புஷ்பவள்ளி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி முன்னால் நடந்தாள். "சாக்கிட்! ஒராங் சாக்கிட்!" நோயாளி, நோயாளி என்று மலாய் மொழியில் தொண்டை கிழியக் கத்தினாள். காவல் மேடையில் துப்பாக்கிகள் நிமிர்ந்தன. ஜக்கரியா தன் பெயரைச் சொல்லிக் கூவிய பிறகே அவை தாழ்ந்தன. ராணுவ லாரி ஒன்று அழகேசனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

உயிர் பிழைத்தான். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்த குற்றத்துக்கு ஜக்கரியாவை வேறெங்கோ மாற்றினார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

இருளப்பன் டிராக்டரின் தூக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தான். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் வெடித்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அழகேசன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எதுல கோளாறு மச்சான்?"

"வளையம் வெடிச்சிருந்துச்சு, மாப்ளே."

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

அழகேசன் தலையை ஆட்டினான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். புஷ்பவள்ளி போர்வையை இழுத்து அவன் இடுப்புக்குக் கீழே மூடிவிட்டாள்.