எழுந்து நில்லுங்க, ஹாஜியாரே

கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியை அபூ ஃபிராஸ் ஒரே அழுத்தாக அழுத்தினார். முள் விறுவிறுவென்று ஏறியது. இளமையில் சல்த் ஊர்க் குன்றுகளில் உளி பிடித்துக் கல் உடைத்த கை. இப்போது சொந்தக் கல் பட்டறையில் உட்கார்ந்து வேலை வாங்குகிறார். பல வருடமாகச் சர்க்கரையும் கூடவே இருக்கிறது.

"பாத்தியா மகளே? எனக்கு எதுக்கு இந்தப் பரீட்சையெல்லாம்?"

ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளின் உடல்திறனைச் சோதிக்கும் லுப்னா சிரித்தாள். "கை பாஸ். இப்ப ரெண்டு கையையும் மார்ல கட்டிக்கிட்டு எழுந்து நில்லுங்க, ஹாஜியாரே."

குனிந்தார். முக்கினார். பாதி எழுந்து பொத்தென்று விழுந்தார்.

"நாற்காலி சரியில்ல" என்றார். வேறு நாற்காலி வந்தது. அதுவும் சரியில்லை.

வெட்கத்தை மீறி அவருக்கே அதிசயமாக இருந்தது. "இது என்ன கூத்து! கை இரும்பா இருக்கு. கால் எங்க போச்சு?"

"தேடுவோம். தண்ணி தவிச்சா என்ன செய்வீங்க?"

"என் வீட்டுக்காரி உம் ஃபிராஸ் கொண்டு வருவா."

"பட்டறையில காப்பி?"

"பசங்க கொண்டு வருவாங்க."

"விருந்தாளி வந்தா எழுந்திருப்பீங்கல்ல?"

"எழப் போவேன். 'அல்லா மேல ஆணை, உக்காருங்க'ன்னு தோளை அமுக்கிருவாங்க."

"கையை ஊனாம கடைசியா எப்ப எழுந்தீங்க?"

"நெனப்பில்ல மகளே."

"சர்க்கரையைத் தின்னு தீர்க்கிற பெரிய தசையெல்லாம் தொடையிலதான் இருக்கு. அதுக்கு நீங்க வேலையே கொடுக்கல."

அவர் முகம் சுண்டியது. "அடுத்த மாசம் என் மக தமாராவைப் பொண்ணு கேட்டு வர்றாங்க. காப்பியைக் குடிக்காமக் கீழ வச்சுட்டுக் கேப்பாங்க. எங்க குடும்பத்துல எழுந்து நின்னுதான் பதில் சொல்லுவோம். நான் உக்காந்திருந்தா, கொடுக்க மனசில்லைன்னுல்ல நினைப்பாங்க?"

அன்றே பயிற்சி தொடங்கியது. முதலில் உயரத்துக்காக இரண்டு மெத்தை போட்ட நாற்காலி, பிறகு ஒரே மெத்தை. வீட்டில்தான் போர் மூண்டது. தண்ணீர்க் குடத்தருகே அவரைப் பார்த்ததும் உம் ஃபிராஸ் கத்தினாள்: "புருஷனைத் தண்ணி மொள்ள விட்டான்னு ஊரே என்னைக் காறித் துப்பணுமா?"

"துப்பட்டும். நீ உக்காரு. உனக்கும் மொண்டு தரேன்."

அந்த நாளும் வந்தது. கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அபூ ஸைத் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துப் பெண் கேட்டார். அபூ ஃபிராஸ் அசைந்ததுமே அபூ ஸைத் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். "அல்லா மேல ஆணை, நீங்க எழுந்திருக்கக் கூடாது!"

அபூ ஃபிராஸ் அந்தக் கையை மெல்ல விலக்கினார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். தொடை நடுங்கியது. கதவருகே தமாரா மூச்சை அடக்கி நின்றாள். அவர் எழுந்தார். முழுசாக நின்றார்.

"காப்பியைக் குடிங்க. பொண்ணு உங்களுக்குத்தான்" என்றவர், கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில பயிற்சி எடுத்துத்தான் இப்படி எழுந்தேன். ஆனா இனிமே யாரும் என்னை உக்கார வைக்காதீங்க. மரியாதைங்கிற பேர்ல ஒருத்தரை உக்கார வச்சு உக்கார வச்சே முடமாக்கிடறோம். அவரால முடிஞ்சதை அவரையே செய்ய விடறதுதான் மரியாதை."

குலவைச் சத்தத்துக்கு நடுவே அபூ ஸைத் ஓசைப்படாமல் தன் கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அபூ ஃபிராஸின் சட்டையை இழுத்து மெதுவாகக் கேட்டார்:

"சம்பந்தி, அது எந்த ஆஸ்பத்திரி?"