இரண்டாவது ஜாடி

யூன் மோய்க்குச் சொத்து என்று இருந்தது ஒரு பாதிக் கல்லறை. மறுபாதியில் அவள் புருஷன் சின் குய் பதினோரு வருஷமாகப் படுத்திருந்தான்.

ஆறு வருஷம் சீனத்தில் காத்திருந்தாள், இவன் இந்த ஊர் ஈயச் சுரங்கத்தில் காசு சேர்த்துக் கப்பலுக்கு அனுப்புகிற வரைக்கும். வந்து சேர்ந்து கூட வாழ்ந்தது பதினாலே மாசம். அப்புறம் காய்ச்சல் கண்டு நாலாம் நாள் போய்ச் சேர்ந்தான், பாவி. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயசு. மூக்கும் முழியுமாக இருந்தவள், இன்னொருத்தன் கட்டிக்கொண்டு போயிருப்பான். இவளோ கல்வெட்டுக்காரனிடம் போய்ப் புருஷன் பேருக்குப் பக்கத்திலேயே தன் பேரையும் வெட்டச் சொல்லிவிட்டாள். அவள் குடியிருந்த கம்பத்துப் பொம்பளைகள் வாயில் கை வைத்தார்கள். கல்லிலே பேரை வெட்டிக்கொண்டவளை இனி எவன் கட்டுவான் என்று அவள் காதுபடவே பேசினார்கள். கட்ட வேண்டாம் என்றுதானே வெட்டினாள், அது புரியவில்லை அந்தப் புத்திசாலிகளுக்கு.

உயிரோடு இருக்கிறவர்கள் பேருக்குச் சிவப்பு, போனவர்கள் பேருக்குப் பச்சை. இதுதான் அவர்கள் வழக்கம். வருஷா வருஷம் வசந்தத்தில் கல்லறை துடைக்கிற நாளன்று யூன் மோய் இடுகாட்டு மலையேறிப் புல் பிடுங்குவாள், கோழியும் சாராயமும் படைப்பாள், தன் பேருக்குப் புதுசாய்ச் சிவப்பு பூசுவாள். அப்புறம் யாரும் பார்க்காதபோது தன் பாதியில், புல்மேல், கொஞ்ச நேரம் படுத்துக்கொள்வாள். இடது பக்கம் அவன். உயிரோடு இருந்தபோதும் இடது பக்கம்தான். குறட்டை விட்டே ஆளைக் கொன்றவன். அந்தக் குறட்டை இல்லாமல் அவளுக்கு இன்றுவரை தூக்கம் சரியாக வருவதில்லை.

பதினோராம் வருஷம் மட்டும் அவள் போகவில்லை. கொழுந்தன் தின் லோய் புதுச் சூளைக்கு முதல் நெருப்பு வைத்த வாரம் அது. மூன்று நாள் இரவு பகலாக நெருப்பு அணையக் கூடாது. ஆள் போதவில்லை, அண்ணி இல்லாவிட்டால் சூளையே வீணாகிவிடும் என்று கெஞ்சினான். அவள் அடுப்பு வாயிலேயே உட்கார்ந்து விறகு தள்ளினாள். அடுத்த வருஷம் சேர்த்துப் பூசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எங்கே ஓடிவிடப் போகிறான் என்று நினைத்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் கோயில் வாசலில் சர்க்கார் அறிவிப்பை ஒட்டினார்கள். மலை நிரம்பிவிட்டது, ஊர்த் தண்ணீர் அதன் வழியாக ஓடுகிறது, இனி அங்கே பிணம் புதைக்கக் கூடாது. ரோட்டுச் சடக்கைத் தாண்டிப் புது இடுகாடு. அங்கே வரிசை உண்டு, எண் உண்டு. இன்றைக்குச் செத்தவன் பக்கத்தில் நாளைக்குச் செத்தவன். புருஷன் பெண்டாட்டி என்று முன்கூட்டி இடம் பிடிக்க முடியாது. அதே காகிதத்தில் கீழே இன்னொரு சங்கதி. ரப்பர் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணம் இன்னும் எத்தனை நாள் கப்பலில் வரும், இந்த ஊரிலேயே சுட்டுக் கொடுப்பவனுக்குப் பத்து வருஷம் நிலவரி கிடையாது, மலையின் தெற்குச் சரிவு வெள்ளை மண்ணும் இலவசம். செத்தவனுக்குப் பூட்டு, சட்டி சுடுகிறவனுக்குச் சாவி. வெள்ளைக்காரத் தொரைமார் மூளையே மூளை.

அந்தச் சாவியை வாங்கினவன் வேறு யாருமில்லை, தின் லோய்தான். சின் குய் படுத்திருந்ததும் தெற்குச் சரிவில்தான்.

யூன் மோய் அன்றைக்குக் கொழுந்தன் சூளைக்கு வேலைக்குப் போகவில்லை. அவனே தேடிக்கொண்டு வந்தான். கோயிலில் குறிக்கட்டை போட்டுக் கேட்டேன், அண்ணன் சம்மதித்துவிட்டார் என்று சொன்னான். எத்தனை தடவை போட்டாய் என்று கேட்டாள். ஐந்தாவது தடவையில் சம்மதித்தார் என்று தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லத் தெரியாத பயல். எலும்பை முறைப்படி எடுத்து ஜாடியில் வைத்துப் புது இடத்தில் சேர்ப்பது தன் பொறுப்பு, சர்க்காரும் அப்படித்தான் எழுதி வாங்கியிருக்கிறது, ஒரே கல்லறையிலிருந்து எடுத்தவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று சலுகையும் இருக்கிறது என்று அடுக்கினான்.

"எடுக்கிறது ஒருத்தரைத்தானே தம்பி," என்றாள் அவள். "எனக்கு எங்க எடம்?"

அவன் சூளைக்கு நேரமாகிறது என்றான். போய்விட்டான்.

மறுநாள் அவள் சர்க்கார் கச்சேரிக்கு நடந்தாள். அங்கே கணக்கெழுதுகிற கிராணி பின்டோவுக்கு நாற்பது வயசிருக்கும், வெற்றிலைக் காவி படிந்த பல், கெட்டவன் இல்லை. சந்தை மலாயில் பேசினான். பேரேட்டைப் புரட்டி, தெற்குச் சரிவு, முப்பத்திரண்டாம் கல் என்று விரலை ஓட்டினான். இரண்டு பேர் என்று வாசித்தான். லியோ சின் குய். சுங் யூன் மோய்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் அந்த வரியில் விரலை வைத்தாள். கணக்கெடுக்கப் போன சீன உதவியாளுக்குச் சிவப்பு என்றால் உயிர் என்று தெரியும். ஆனால் சிவப்பு எங்கே இருந்தது? மழையில் உரிந்து போயிருந்தது. போகாமல் விட்ட அந்த ஒரே ஒரு வருஷம் அவளைச் சாகடித்துப் பேரேட்டில் ஏற்றிவிட்டது.

"ரெண்டாவது பேரு நான்தான்," என்றாள்.

பின்டோ அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான், ஏனென்றால் தப்பு அவன் கையெழுத்தில் இருந்தது. நல்லவேளை சொன்னாய், அடித்துத் திருத்திவிடுகிறேன் என்று பேனாவைத் தொட்டான். அப்போதுதான் அவளுக்கு ஒரு கேள்வி வந்தது.

"திருத்திட்டா, புது எடத்துல எத்தனை ஜாடிக்கு எடம்?"

"ஒண்ணு."

"திருத்தலைன்னா?"

"ரெண்டு. பக்கத்துப் பக்கத்துல." சொல்லிவிட்டு அவன் பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி அவளைப் பார்த்தான்.

"அப்ப எழுதாதீங்க."

"அம்மா, எழுதலைன்னா நீ செத்தவ."

"இருந்துட்டுப் போறேன்," என்றாள் யூன் மோய்.

பின்டோ பேனாவைக் கீழே வைத்தான். தப்பைத் திருத்தினால் தொரையிடம் பாட்டு வாங்க வேண்டும், திருத்தாவிட்டால் ஒன்றுமில்லை, அந்த யோசனையும் அவன் முகத்தில் ஓடியது. பொம்பளையின் கண்ணையும் பார்த்தான் என்று வைத்துக்கொள்வோம். தொரை வந்து நின்று எண்ணுவான், இரண்டு ஜாடி வர வேண்டும், இரண்டும் கனமாக இருக்க வேண்டும், நான் எதையும் கேட்கவில்லை என்று சொல்லிப் பேரேட்டை மூடினான்.

இரண்டாவது ஜாடிக்குத் தின் லோய் ஒப்பவில்லை. உசுரோடு இருக்கிறவளுக்கு எலும்பு ஜாடி சுட்டால் வீட்டுக்கு ஆகாது, அடுத்த மாசமே உன்னைத் தூக்கிப் போட வேண்டி வரும் என்று கத்தினான். அவள் மண் பிசைந்துகொண்டே கேட்டாள், கத்தி முடிக்கட்டும் என்று.

"உன் அண்ணன் படுத்திருக்கிற மண்ணுல மங்கு சுடப் போற. அவன் பொண்டாட்டிக்கு ஒரு ஜாடி சுட மாட்டியா?"

அவன் எழுந்து போனான். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் சூளை பிரித்தபோது முன் வரிசையில் ஒரே உயரம், ஒரே பழுப்பு மெருகு, இரண்டு ஜாடிகள் நின்றன. ஆளை விட்டுச் செய்யாமல் தானே வனைந்திருக்கிறான். மூடிகூட அச்சாகப் பொருந்தியது.

எலும்பெடுக்கிற நாளில் வெயில் பட்டுவிடக் கூடாது என்று குடை பிடிக்க வேண்டும். பெரிய மகன் பிடிக்கிற குடை. மகன் ஏது, யூன் மோய்தான் பிடித்தாள். எலும்பெடுப்பவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சாராயத்தில் துடைத்து, அவள் கையில் தந்து வாங்கினார். அழ மாட்டேன் என்று சபதம் போட்டுக்கொண்டுதான் வந்தாள். வலது கைச் சுண்டுவிரல் எலும்பு வந்தது, நடுவில் கோணலாக. சுரங்கத்தில் நசுங்கி ஒட்டினது. அந்த விரலால் அவள் காதோரத்து முடியை ஒதுக்கிவிடுவான், கோணல் விரல் எப்போதும் காதில் இடறும். குடை ஆடியது. தின் லோய் ஓடி வந்து அவள் கையோடு சேர்த்துக் காம்பைப் பிடித்துக்கொண்டான், அவனும் அழுதுகொண்டிருந்தான். எவ்வளவு ஆசையாக இருந்தது அவளுக்கு, அந்த விரலை ஒரு தடவை காதோரம் வைத்துப் பார்க்க. எடுப்பவர் கை நீட்டிக் காத்திருந்தார். கொடுத்துவிட்டாள்.

பாதம் கீழே, மண்டை மேலே, அவன் ஜாடிக்குள் உட்கார்ந்தான். அவள் ஜாடிக்குத் தன் பாதி மண்ணைத் தானே தோண்டி நிரப்பினாள். மேலே தன் கல்யாணச் சட்டையை மடித்து வைத்து மூடினாள்.

புது இடுகாட்டில் தொரை வெயிலுக்குத் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு எண்ணினான். இரண்டு. பின்டோ எழுதினான். கையொப்பத்துக்கு உறவு யார் என்று கேட்டபோது அவன் பேரேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தங்கச்சி," என்றாள் யூன் மோய். "செத்தவளோட தங்கச்சி."

பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். ஜாடிகள் தோளோடு தோள் உரச, முன்னால் பேர் வெட்டின கல்லோடு, மண் மூடாத மேட்டுக் குழியில் உட்கார்ந்தன. அவள் கணக்குப் போட்டாள். இனி என்றைக்கோ சாக வேண்டும். தங்கச்சி பேரில் ஏதோ ஒரு வரிசையில், முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில், ஏழு வருஷம் மண்ணில் கிடந்து எலும்பாக வேண்டும். அப்புறம் எவனாவது எடுத்து அந்த மண்ணைக் கொட்டிவிட்டு அவளை உள்ளே வைக்க வேண்டும். தின் லோய் வாக்குக் கொடுத்திருக்கிறான். காத்திருப்பது அவளுக்குப் புதுசா என்ன, கப்பலுக்குக் காத்த ஆறு வருஷத்தில் தொடங்கினது.

அடுத்த வசந்தத்தில் கோழியும் சாராயமும் எடுத்துக்கொண்டு வந்தாள். பழக்க தோஷத்தில் சிவப்புச் சாயமும் கூடவே வந்துவிட்டது. தூரிகையை நனைத்த பிறகுதான் நினைவு வந்தது, பேருக்குச் சிவப்பு பூசினால் பின்டோவின் வேலை போகும், அவள் இடமும் போகும். எழுந்து அக்கம்பக்கம் பார்த்தாள். கல்லில் இரண்டு எழுத்து வரிசைக்கும் பச்சையே பூசினாள், தன் பேருக்கும் சேர்த்து. பிறகு இரண்டு ஜாடிக்கும் நடுவே இருந்த சந்தில் கையை விட்டு, தன் ஜாடியில் அவன் பக்கம் பார்த்த இடத்தில், தடவித் தடவி ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.