கருப்பு வெள்ளைப் பொம்பளை

டிவி விளம்பரத்தில் தகர டப்பாவைத் திறக்கத் தெரியாமல் முகமெல்லாம் தக்காளிச் சாறு வழிய, "இதுக்கு வேற வழியே இல்லையா?" என்று கேமராவைப் பார்த்துக் கதறுவாளே ஒருத்தி, அது நான்தான். வெர்னா நைகார்ட், அமெரிக்காவில் மினசோட்டா. போர்வை போர்த்தத் தெரியாமல் சோபாவிலிருந்து உருண்டு விழுந்தவளும் நான்தான். முட்டை உடைக்கப் போய் மூக்கில் அடித்துக்கொண்டதும் அடியேனே.

எண்பத்து நாலில், விளம்பரம் இத்தனை நிமிடம்தான் ஓடலாம் என்றிருந்த கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்துவிட்டது. அரை நிமிடத்தில் சொல்லிக்கொண்டிருந்த பொய்யை அரை மணி நேரம் இழுக்க வேண்டுமென்றால் ஒரு மக்கு வேண்டாமா? பொருளை வாங்குவதற்கு முன்னால் அந்த மக்கு கருப்பு வெள்ளையில் அழும். வாங்கிய பிறகு வேறொரு மகராசி கலரில் வந்து சிரிப்பாள். அழுகைக்குச் சம்பளம் தருகிறார்கள், நமக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன்.

வினை எங்கள் லூத்தரன் சர்ச்சில் முளைத்தது. கோடையில் அங்கே பிக்னிக் நடக்கும். வீட்டுக்கு ஒரு பண்டம். எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் மானமே அவள் கொண்டுவரும் உருளைக்கிழங்கு சாலட்டில்தான் இருக்கிறது. யார் எதைச் செய்வது என்று சொல்பவர் ஆர்டிஸ் அக்கா. அவர் பேச்சுக்குப் பாதிரியாரே மறுபேச்சு பேசமாட்டார்.

"வெர்னா, நீ பேப்பர் நாப்கின் கொண்டாந்துடு."

"போன வருஷமும் நாப்கின்தானேக்கா! இந்த வாட்டி சாலட்டை என்கிட்ட விடுங்க. நான் நல்லாவே சமைப்பேன்."

"அடிப்பாவி, டிவில பாத்தேனே! ஒரு கிழங்கை நறுக்கப் போயி அடுப்படியையே கவுத்தியே!"

"அது நடிப்புக்கா!"

"நடிப்புல எங்கயாவது அம்புட்டு தத்ரூபமா விழ முடியுமா? நாப்கினையாவது கையைக் கிழிச்சுக்காம எடுத்துட்டு வா."

பக்கத்திலிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், டைரக்டர் ராண்டி முன்னால் நின்றேன்.

"இந்த வாட்டி கலர்ல நான்தான் வரணும்."

"உனக்கென்ன கிறுக்கா? நீ அழுதா ஜனங்களுக்கு வயித்தைப் பிசையுது, உடனே போனை எடுக்கறாங்க. உன் மூஞ்சிதாம்மா எங்க சோறு!"

"அப்ப வேற மூஞ்சி பாத்துக்கோ."

ராண்டி தலையைச் சொறிந்தான். கலர் மகராசி வேறு அம்மைக்கட்டு வந்து கன்னம் வீங்கிப் படுத்திருந்தாள். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை மத்தியான நேரலையை எனக்குக் கொடுத்தான்.

விற்பனைக்கு வந்தது காய் நறுக்கும் பெட்டி. மூடியை ஒரே அமுக்கு, கிழங்கு துண்டு துண்டாய் விழும் என்று பேச்சு. முதலில் நான் அழும் படம் ஓடியது. பெட்டி கேட்டு ஜனங்கள் கூப்பிட, போன் பலகையில் விளக்குகள் கிறிஸ்துமஸ் மரம்போல் எரிந்தன. அடுத்து கலரில் நான். சிரித்துக்கொண்டே மூடியை அமுக்கினேன். அசையவில்லை. மேலே ஏறி உட்காராத குறையாக அமுக்கினேன். சனியன், கிழங்கைக் கவ்விக்கொண்டு சும்மா கிடந்தது.

நேரலையாயிற்றே, ஊரே பார்க்குமே! ஆர்டிஸ் அக்கா சிரிப்பது காதில் கேட்பதுபோலவே இருந்தது. போடா நீயும் உன் பெட்டியும் என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேடையில் கிடந்த சாதாரணக் கத்தியை எடுத்தேன். கிழங்கு, வெங்காயம், செலரித் தண்டு, எல்லாவற்றையும் சரசரவென்று ஒரே அளவாக நறுக்கிக் குவித்தேன். ஆத்திரத்தில் கை இன்னும் வேகமாக ஓடியது. பலகையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ராண்டி கேமராவுக்குப் பின்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

கடைசியாக ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளர் பாய்ந்து எடுத்தார்.

"சொல்லுங்கம்மா, எத்தனை பெட்டி வேணும்?"

"பெட்டி யாருக்குய்யா வேணும்? அங்க நறுக்கறது எங்க வெர்னாதானே?"

ஆர்டிஸ் அக்கா! நாடு முழுக்கக் கேட்கிறது.

"நான்தான்க்கா."

"ஏண்டி, கையில இம்புட்டு வித்தையை வச்சுக்கிட்டா நாப்கின் தூக்கிட்டு வந்தே? பிக்னிக்குக்கு உருளைக்கிழங்கு சாலட் உன் பொறுப்பு. எண்பது பேருக்கு."

கத்தியைக் கீழே வைத்தேன். "கடுகு விழுது கொஞ்சம் தூக்கலா போடட்டுமாக்கா?"

"உன் இஷ்டம்டி. என்னை எதுக்குக் கேக்கறே?"

என் இஷ்டமாம்! அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டேன். உடனே பலகையில் பத்து விளக்கு எரிந்தது. அப்புறம் இருபது. ராண்டி துள்ளி எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, அழு அழு, விடாதே என்று வாயசைத்துக் கெஞ்சினான்.

நானும் பாவம் பார்த்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். எங்கே வருகிறது? சிரிப்புத்தான் வந்தது.