தொண்ணூறில் அறுபத்து நாலு போக

நாய்க்காரர் குனிந்து மூணாம் நம்பர் நாயின் வயிற்றுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார். முதல் தடவை முழங்கால் மடங்கிவிட்டது. இரண்டாம் தடவை தூக்கி, மூட்டை நிறுக்கும் எடைமேடையில் தட்டுத்தடுமாறி ஏறி நின்றார். நாய் அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடக்கிற காரியம் போல சும்மா இருந்தது.

தனியாக நிறுத்தினால் அதற்குத் தகரத்தில் கால் வழுக்கும், ஓடிவிடும். வேறு யார் தூக்கினாலும் பல்லைக் காட்டும். அதனால் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்து, நாய்க்காரரின் எடையைக் கழித்துவிடுவது வழக்கம். அவருடைய எடை அறுபத்து நாலு. வேலைக்குச் சேர்ந்த அன்று பார்த்துச் சுவரில் தொங்கும் அட்டையின் தலைப்பில் எழுதி வைத்திருந்தார்கள்.

"தொண்ணூறு," என்றார் சூப்பர்வைசர். "அறுபத்து நாலு போக இருபத்தாறு. போன வாரமும் இருபத்தாறு, அதுக்கு முன்னாடி வாரமும் இருபத்தாறு. நாலு மாசமா இதே பாட்டு. ஏன்யா, இது நாயா, சிலையா?"

"வர வரத் தூக்கவே முடியல சார். கனக்கிற மாதிரிதான் இருக்கு."

"உனக்குக் கனத்தா ஆச்சா? மெஷின்ல கனக்க வேணாமா?"

விஷயம் விளையாட்டில்லை. அந்தச் சரக்குக் கிடங்குக்கு வரும் லாரிகளை மோந்து பார்க்க செக்யூரிட்டி கம்பெனி இரண்டு நாய்களைக் கொடுத்திருந்தது. இந்த மாதக் கடைசியில் கிடங்குக்காரர்களின் ஆள் வந்து எடை பார்ப்பான். முப்பது கிலோவுக்குக் குறைந்த நாயை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாய் திரும்பிப் போனால் அதைக் கையாள்கிறவனும் கூடவே போக வேண்டியதுதான். இதைச் சூப்பர்வைசர் வாரம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்தினார். நாய்க்காரரின் வீட்டில் மூன்று பேர் அவர் கையைப் பார்த்திருந்தார்கள்.

நாய்க்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது. அது எழுத்தில் இருக்கிற விதி. காலை ஐந்து மணியிலிருந்து பதினொன்று வரை மூணாம் நம்பர், பிற்பகல் இரண்டிலிருந்து எட்டு வரை அஞ்சாம் நம்பர். முன்பு அஞ்சாம் நம்பருக்குத் தனியாக ஓர் ஆள் இருந்தான். அவன் வேலையை விட்டுப் போனதும், "புது ஆள் வர்ற வரைக்கும் ஒரு பத்து நாள் பார்த்துக்க," என்று சூப்பர்வைசர் சொன்னார். அந்தப் பத்து நாள் நாலு மாதமாக நீண்டுகொண்டிருந்தது. நாய்கள் முறைபோட்டு ஓய்வெடுத்தன. நடுவில் கிடைத்த மூன்று மணி நேரத்தில் கூண்டு கழுவி, நாயைக் குளிப்பாட்டி, முடி வாரி முடிப்பதற்குள் அடுத்த லாரி வந்து நிற்கும். விடியுமுன் கிளம்பி வருகிறவருக்கு வீட்டில் சாப்பாடு கட்டித் தர யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுப்ப அவருக்கும் மனசு வராது.

கூண்டுகளுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சமையலறையில் அக்கா நாய்களுக்குக் கறியும் அரிசியும் வேகவைப்பாள். கிடங்கில் எல்லாருக்கும் அவள் அக்காதான். மூணாம் நம்பரை அவள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். "மாப்பிள்ளைக்குச் சூடு ஆகாது, ஆறவெச்சுக் குடு. எலும்பு கிடந்தா எடுத்துடு. மாமியார் வீட்டுல குறை சொல்லிட்டுப் போயிடப் போறாரு," என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் டப்பா. மூடியில் பாதியை எடுத்து வைத்து நாய்க்காரர் பக்கம் தள்ளுவாள்.

"வேணாங்க்கா. தினமுமா?"

"சும்மா தின்னு தம்பி. பெல்ட்டுல எத்தனை ஓட்டை போட்டிருக்கே, எனக்குத் தெரியாதா? பேன்ட்டு நழுவுது, ஆணி எடுத்து ஓட்டை போட்டுக்கிட்டுத் திரியறே. நாய் இளைச்சுதா இளைச்சுதான்னு ஊரே அழுவுது. அதோட விலாவைத் தொட்டுப் பாரு, எலும்பு கைக்குத் தட்டுப்படுதா? கொழுகொழுன்னு இருக்கு."

"மெஷின் இருபத்தாறுதானே காட்டுது?"

"மெஷினா வந்து சமைக்குது?"

அவர் சாப்பிட்டுவிடுவார். பாதி என்று சொல்லித்தான் கொடுப்பாள், பல நாள் முக்கால் பங்கு அவர் பக்கம்தான் வரும். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதுகூட அவர்தான்.

இருபதாம் தேதி சூப்பர்வைசர் அவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

"உட்காரு. நாய் டாக்டர் போன்ல சொன்னது ஒண்ணு விடாம செஞ்சாச்சு. புழு மருந்து குடுத்தாச்சு. பல்லு பார்த்தாச்சு, நல்லா இருக்கு. ரத்தம் எடுத்து அனுப்பினோம், சர்க்கரை இல்ல, ஒண்ணும் இல்ல. தீனியை ஒண்ணரை மடங்கா ஆக்கியாச்சு. வேலையும் ஆறு மணி நேரம்தான். அப்புறம் ஏன் ஏறல? போடுற கறி வயித்துக்குப் போகலன்னுதானே அர்த்தம்?"

நாய்க்காரர் மேஜையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அந்தத் தட்டுக்கிட்ட போறது ரெண்டே பேர். ஒண்ணு நீ, இன்னொண்ணு அந்தம்மா. நான் உன்னைச் சந்தேகப்படல." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னும் படல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தம்மா போகும்போது டப்பா கொண்டு போகுதா, இல்லையா?"

"கொண்டு போகும் சார்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அவ்வளவுதான். நான் வேற ஒண்ணும் கேக்கலியே."

சமையல்காரர் தினமும் டப்பா எடுத்துச் செல்வதைப் பார்த்திருக்கிறேன் என்று சூப்பர்வைசரே எழுதினார். நாய்க்காரர் கையெழுத்துப் போட்டார். எழுதியதில் ஓரெழுத்துகூடப் பொய்யில்லை. டப்பாவுக்கு முன்னால் 'காலி' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். அந்தச் சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. உனக்கெப்படித் தெரியும் என்பார்கள், நான்தான் தின்றேன் என்று சொல்ல வேண்டும், அப்படியானால் நாயின் கறியைத் தின்றதும் நீதானே என்பார்கள். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அக்காவை அன்றைக்கே போகச் சொன்னார்கள். டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவள் கத்தியிருந்தால் நாய்க்காரருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். யார் சொன்னது என்று கேட்டாள். சூப்பர்வைசர் தாளைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கையெழுத்து நாய்க்காரருடையது என்று கூட நின்றவன் சொல்லிவிட்டான்.

கூண்டுப் பக்கமாக வந்து நின்றாள். அவர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குச் சூடா வெச்சுடாத," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து சமைத்த கறிக்குப் பதிலாக மூட்டைத் தீனி வந்தது. அளந்து போட ஏதாவது வேண்டுமே என்று சூப்பர்வைசர் அந்த டப்பாவையே எடுத்துக் கொடுத்தார். வேளைக்கு ஒன்றரை டப்பா. நாய்க்காரர் உள்ளங்கையால் தலைதட்டி அளக்கும்போதெல்லாம் நசுங்கிய விளிம்பு கையில் பட்டது. அந்த நாட்களில் மத்தியானம் அவருக்குப் பசிக்கவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமையும் தொண்ணூறுதான். சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. வேறு நாய் கேட்க டாக்டரின் சீட்டாவது வேண்டும் என்று வண்டியில் நாயையும் நாய்க்காரரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே தரையோடு தரையாகப் பதித்த அகலமான எடைமேடை இருந்தது. ரப்பர் விரித்திருந்ததால் நாய்க்குக் கால் வழுக்கவில்லை. தானாகவே நடந்து போய் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

"முப்பத்தொண்ணு," என்றார் டாக்டர். "நல்லாத்தானே இருக்கு? இதையா இளைச்சுப் போச்சுன்னு போன்ல சொன்னீங்க?"

"உங்க மெஷின் கோளாறு டாக்டர்."

"நீங்க ஏறுங்க."

சூப்பர்வைசர் ஏறினார். எழுபத்தெட்டு. அது அவருக்குச் சரியான எடைதான், அவரால் மறுக்க முடியவில்லை. டாக்டர், "நீங்க எப்படி நிறுக்கிறீங்க?" என்று கேட்டார். சூப்பர்வைசர் சொன்னார். டாக்டர் நாய்க்காரரைப் பார்த்து, "நீங்க ஏறுங்க," என்றார்.

ஐம்பத்தொன்பது.

நாய் கொட்டாவி விட்டது.

"இவர் எடை அறுபத்து நாலுன்னு எப்ப எழுதினது?"

"சேர்ந்தப்ப டாக்டர். ரெண்டு வருஷம் இருக்கும்."

"நாய் அஞ்சு கிலோ ஏறியிருக்கு. இவர் அஞ்சு கிலோ இறங்கியிருக்காரு. நாலு மாசமா நீங்க இவரோட எடையை நாய் மேல எழுதிட்டிருக்கீங்க." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "நாய்க்கு மருந்து வேண்டாம். இவரைத்தான் யாராவது பார்க்கணும். அதுக்கு என்கிட்ட சீட்டு கிடையாது."

நாய்க்காரர் தன் உடம்பைப் பற்றி நினைக்கவில்லை. அந்த ஐந்து கிலோவைத்தான் அக்கா திருடினாள் என்று துரத்தியிருந்தார்கள்.

கிடங்குக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர் உற்சாகமாக இருந்தார். அட்டையைக் கழற்றி, அறுபத்து நாலை அடித்துவிட்டு ஐம்பத்தொன்பது என்று எழுதினார். "இனிமே கணக்கு இடிக்காது," என்றார்.

"அப்ப அக்கா, சார்?"

"என்ன அக்கா?"

"அந்த டப்பா காலி சார். தினமும் காலிதான். அதுல இருந்தத நான்தான் சாப்பிட்டேன். அது அவங்க வீட்டுச் சாப்பாடு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

சூப்பர்வைசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை. "அத இப்ப வந்து சொல்றியே," என்றார். "மூட்டைத் தீனிக்கு ஆறு மாசத்துக்குச் சேர்த்து ஆர்டர் போட்டாச்சு. இப்பக் கூப்பிட்டா நம்ம மேல தப்புன்னு ஆயிடும். போ, ரெண்டு மணிக்கு அஞ்சாம் நம்பரை இறக்கணும்."

மணி ஒன்றரை. அக்காவின் வீடு பத்து நிமிட நடை. நாய்க்காரர் தீனி மூட்டையிலிருந்து டப்பாவை எடுத்தார். குழாயடியில் வைத்து மண் போட்டுத் தேய்த்தார், தீனி வாடை போகவில்லை, மறுபடி தேய்த்தார். சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. டப்பாவை நீட்டலாம், அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான். "பையைத் திறங்கண்ணே. அந்தம்மா விஷயத்துக்கு அப்புறம் எல்லாரையும் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

நாய்க்காரர் பையைத் திறந்தார். வாட்ச்மேன் டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு பார்வை பார்த்து மூடினான். அதற்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை.

"காலி டப்பாதானே? எடுத்துட்டுப் போங்க. இதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். உள்ளே இரண்டாவது ஷிப்டுக்குப் பத்து நிமிட முன்மணி அடித்தது. கூண்டில் அஞ்சாம் நம்பர் குரைக்கத் தொடங்கியது. கேட்டுக்கு அப்பால் தெரு வெயிலில் நீண்டு கிடந்தது, போய்த் திரும்ப நேரம் போதாது.

வாட்ச்மேன் புத்தகத்தை எடுத்து, 'டப்பா ஒன்று. காலி.' என்று எழுதி அவர் பக்கம் திருப்பினான்.

"ஒரு கையெழுத்து போடுங்கண்ணே," என்றான்.

ஒரு கையால் நழுவும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நாய்க்காரர் கையெழுத்துப் போட்டார்.