கறுப்புத் திரையில் ஒரு குரல்

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாளை அவளுக்குத் தேர்வு. சைகை மொழியில் பாடம் நடத்தும் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் வீடியோக்களைத்தான் நம்பியிருந்தாள். இன்று காலை அவள் போனில் புதிதாக வந்த பாடமெல்லாம் கறுப்பு. ஆசிரியையின் கைகள் தெரியவில்லை. பின்னணிக் குரல் மட்டும் கணீரென்று ஓடியது. உதவி மையத்துக்கு எழுதினாள். "சத்தம் வருகிறதா பாருங்கள், வந்தால் வீடியோ சரிதான்" என்று பதில் வந்தது.

அக்காவைக் கையோடு ஆபீசுக்கு அழைத்துப் போனேன்.

வீடியோ எப்படிச் சுருக்கப்பட்டது என்று சொல்லும் சின்னக் குறியீடு ஒன்று உண்டு. எங்கள் இணையப் பக்கம் அதைப் பிரவுசரிடம் காட்டி, "உன்னால் ஓட்ட முடியுமா?" என்று கேட்கும். முடியாது என்றால் பழைய முறையில் சுருக்கிய இன்னொரு பிரதியைத் தரும். புது கேமரா வாங்கிய பிறகு சுருக்கும் முறை மாறிவிட்டது; அக்காவின் போனுக்கு அந்தப் புது முறை தெரியாது. ஆனால் இணையப் பக்கத்தில் எல்லா வீடியோவுக்கும் பழைய குறியீடே இருந்தது. பாவம் பிரவுசர், அதை நம்பி "முடியும்" என்று சொல்லிவிட்டு விழித்தது.

அப்படி எழுதியவர் எங்கள் டீம் லீட். எதற்கும் "சீக்கிரம், சீக்கிரம்" என்பதால் அவர் பெயரே சீக்கிரம்.

"ஃபைலைத் திறந்து பாத்தா சரியான குறியீடு அதுலயே இருக்கு சார். ஏன் பாக்கல?"

"எல்லாத்துக்கும் ஒரே வரி போதும்னு ஒட்டிட்டேன். என் லேப்டாப்ல ஓடுதே. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"இவளுக்கு நாளைக்குப் பரீட்சை."

அவர் அக்காவின் போனை வாங்கி ஒரு பாடத்தைப் போட்டார். திரை கறுப்பு. சத்தத்தை முழுதாக ஏற்றி, அவள் காதருகே பிடித்தார்.

"நல்லாத்தானே வருது. கேக்குதாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். போனைப் பிடுங்கிச் சத்தத்தை அணைத்தேன்.

யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்து மாற்றினேன். ஒவ்வொரு ஃபைலிலிருந்தும் அதனதன் குறியீட்டை எடுக்க வைத்தேன். இம்முறை பிரவுசர் உண்மையைக் கேட்டு "முடியாது" என்றது. பக்கம் பழைய பிரதிக்குத் தாவியது. அக்காவின் போன் திரையில் ஆசிரியையின் கைகள் அசைந்தன. அக்கா நோட்டைத் திறந்தாள்.

சீக்கிரம் சார் எட்டிப் பார்த்தார்.

"படம் வருது, ஆனா சத்தம் போயிடுச்சே. செக் பண்ணியா?"