சுவர்ப் பக்கம் திருப்பிய ஆறு

சாமிப் படங்களையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்த நாத்தனார் செல்லம்மாள், ஆற்றுப் படத்தையும் திருப்பிவிட்டாள்.

“ஏய், அது சாமிப் படமில்ல,” என்றாள் வேல்விழி.

“தண்ணியா கீதே அண்ணி, கங்கைன்னு நென்ச்சுட்டேன்.”

படத்தின் முதுகில் பேனாவால் ‘சுகப்பிரியா’ என்று எழுதியிருந்தது.

வேல்விழி அந்தப் பெயரை மறுபடியும் படித்தாள். யார் இவள்? நேற்று, தான் சூப்பர்வைசராக இருந்த கம்பெனி லைனிலேயே மாரடைப்பில் சரிந்த அவள் கணவர் இனியவன், ஐஸ் பெட்டிக்குள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி படுத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் “கம்பெனியில குடுத்தாங்க” என்று சொல்லி மாட்டிய படம் அது. கிட்டே போனால் நீலமும் பச்சையுமாக வெறும் தீற்றல்கள். தள்ளி நின்றால்தான் ஆறும் கரையும் ஒரு படகும் தெரியும். ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். டீவி பார்க்காத மனுஷன் என்று ஒரகடம் முழுக்கப் பெருமையடித்திருக்கிறாள். என்ன ஏமாளி!

மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் அவள் யாரென்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இந்த ஆளுக்காக எப்படி அழுவது? துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தி முகத்தையும் துருவினாள். கட்டிப்பிடித்து அழுதவர்களைவிட, அழாமல் நின்றவர்கள்மேல்தான் சந்தேகம் வந்தது.

இரண்டரைக்குக் கம்பெனி பஸ் வந்தது. கடைசியாக இறங்கியவள் மட்டும் யூனிபார்மில் இல்லை. மாலை இருந்த பாலிதீன் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வேல்விழி எழுந்து போனாள். “சுகப்பிரியாவா நீ?”

“ஆமாக்கா.”

“அந்தப் படத்த எதுக்குடி அவருக்குக் குடுத்த?”

அவள் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன.

“திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊரு ஆறுக்கா அது. இந்தக் கையால கடைசியா வரைஞ்சது. மெஷின் சரியில்லன்னு சொன்னேன். ஷிப்ட் முடியிறவரைக்கும் ஓட்டுன்னுட்டாவ.” பையை இடது கைக்கு மாற்றினாள். “பொறவு சாரு ஆஸ்பத்திரிக்கு வந்து, ‘நீ வரைஞ்சது ஒண்ணு குடும்மா, தெனமும் என் கண்ணுல படணும்’னு கேட்டாவ.”

“ஓட்டச் சொன்னது யாரு?”

சுகப்பிரியா ஐஸ் பெட்டியைப் பார்த்தாள்.

இன்னொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று வேல்விழிக்குத் தோன்றியது.

“அண்ணி, நேரமாவுது!” செல்லம்மாள் உள்ளிருந்து கத்தினாள்.

“இரு.”

வேல்விழி பையை வாங்கி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். மாலையை எடுத்து அவளிடமே கொடுத்தாள். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.