எதிர்க்கட்சி

"வெளிய போங்க சார்! இது ஆஸ்பத்திரி, வகுப்பறை இல்ல" என்று நர்ஸ் கதவைத் திறந்து பிடித்தாள்.

"அண்ணா இருக்கட்டும்மா" என்றாள் நோயாளியின் மனைவி. "மூணு நாளா வாயே திறக்காத மனுஷன், இப்பதான் சண்டைக்கு வர்றார்."

கட்டிலில் கிடந்த பேராசிரியரின் முகத்தில் நிஜமாகவே ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. எதிரே நின்ற நண்பருக்கு அவள் வைத்திருந்த பெயர் எதிர்க்கட்சி. கல்லூரி நாளிலிருந்து இருவருக்கும் ஒரே தகராறு. மருந்தின் மூலக்கூறு வந்து ஒட்டிய பிறகுதான் உடம்பிலுள்ள புரதம் அதற்கேற்ப வளைந்து கொடுக்கிறது என்பது கணவரின் சமன்பாடு. இல்லை, புரதம் எப்போதும் நெளிந்துகொண்டேதான் இருக்கிறது, தோதான வடிவத்துக்கு வரும்போது மருந்து போய்ப் பிடித்துக்கொள்கிறது என்பது எதிர்க்கட்சியின் சமன்பாடு. இந்த வழக்கில் அவள் வீட்டில் ஆறிப்போன காபிக்குக் கணக்கே இல்லை. ஒருமுறை அவளே கேட்டுவிட்டாள்: "நான் கல்யாணத்துக்கப்புறம் வளைஞ்சு கொடுத்தேனா, இல்ல வளைஞ்சிருந்த நேரம் பார்த்துக் கட்டிக்கிட்டீங்களா?" அன்று மட்டும் இரண்டு பேரும் கூட்டணி சேர்ந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

"உதாரணத்துக்கு உன் வலி ஊசியவே எடுத்துக்கடா" என்று எதிர்க்கட்சி குனிந்தார். "போட்டதும் வலி ஏன் உடனே குறையல? புரதம் தோதாத் திரும்ப நேரமாகுது. அதான் என் கணக்கு."

கணவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "தப்பு" என்றார். தலை திரும்பச் சாய்ந்தது.

"எங்க தப்பு? எந்த வரியில? சொல்லுடா!"

நர்ஸ் நாடி பார்த்தாள். "சார்... அவர் போயிட்டார்."

"பதில் சொல்லாமப் போகமாட்டானே" என்றார் எதிர்க்கட்சி.

வீட்டில் கூட்டம் சேர்ந்தது. "கடைசியா என்ன சொன்னான்?" என்று நாத்தனார் விசும்பலோடு கேட்டாள்.

"தப்புன்னார்."

நாத்தனாரின் விசும்பல் சட்டென்று நின்றது. சற்று நேரத்தில் சமையலறையில் குசுகுசுப்பு. "யாரோட?" என்றது ஒரு குரல். மகன் வெளிறிப்போய் வந்தான். "அம்மா, அப்பா எங்கயாவது... வேற குடும்பம் ஏதாவது..."

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து சனங்கள் கலைந்த பிறகும் எதிர்க்கட்சி மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க கட்சியச் சொல்லுங்கண்ணா" என்றாள் அவள். "நான் ஒருநாளும் முழுசாக் கேட்டதில்ல."

அவர் நிமிர்ந்தார். "பாரும்மா, புரதம் சும்மா இருக்கறதே இல்ல. மருந்து வர்றதுக்கு முன்னாடியே அது..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பழக்கத்தில் இடப்பக்கம், கணவரின் காலி நாற்காலி பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

பதில் வந்தால் கேட்கட்டும் என்பதுபோல், அவள் எழுந்துபோய் இரைந்துகொண்டிருந்த மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாள்.